கானி ஹாக்கின்ஸ்: இருபத்தேழு வயதில் முதல் ஆட்டம்

1969-70 சீசனுக்கு என்.பி.ஏ. அறிவித்த சிறந்த ஐவர் அணியில் இருந்தவர்கள் இவங்க: ஜெர்ரி வெஸ்ட், வால்ட் ஃப்ரேஸியர், வில்லிஸ் ரீட், பில்லி கன்னிங்ஹாம், கானி ஹாக்கின்ஸ். கூடைப்பந்தை ஓரளவு பின்தொடர்கிறவர்களுக்கு முதல் நான்கு பெயர்களும் பழக்கமாக இருக்கும். எல்லோரும் அதற்கு முன் சில வருடமாவது அந்த லீக்கில் ஆடி நிலைத்தவர்கள். ஐந்தாவது ஆளுக்கு மட்டும் அதுதான் முதல் வருடம். அப்போது அவருக்கு வயது 27.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. லீக்கிலேயே தலைசிறந்த ஐந்து பேரில் ஒருவராக முதல் வருடத்திலேயே வருகிறவர், 22 வயதில் எங்கே போயிருந்தார்? அடிபட்டுப் படுத்திருந்தாரா, ராணுவத்தில் இருந்தாரா, இல்லை வெளிநாட்டுக்காரரா? மூன்றுமே இல்லை. அமெரிக்காவில்தான் இருந்தார், நல்ல உடம்போடு இருந்தார், தினமும் ஆடிக்கொண்டும் இருந்தார். என்.பி.ஏ. அவரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். எதற்காக என்று தேடப் போனதில் இந்தக் கட்டுரை வந்து சேர்ந்தது.

கானி ஹாக்கின்ஸ் பிறந்தது 1942 ஜூலை 17, நியூயார்க்கின் புரூக்ளினில், பெட்ஃபோர்ட்-ஸ்டைவெசன்ட் என்ற கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த ஏழைப் பகுதியில். சின்ன வயதிலேயே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. சரியாகச் சொன்னால், யாரும் ஏற்றவில்லை. வாசிக்கவே தடுமாறுகிற பையனை, நன்றாகப் பந்து ஆடுகிறான் என்பதற்காக வகுப்பு வகுப்பாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் கை இருக்கிறதே, அது ரொம்பப் பெரிய கை. பந்தை ஒற்றைக் கையால் கவ்விக்கொண்டு, ஆரஞ்சுப் பழத்தைக் காட்டுகிற மாதிரி காட்டி ஏமாற்றுவார். பதினோரு வயதிலேயே டங்க் அடித்தார் என்று சொல்வார்கள். பாய்ஸ் ஹை என்ற பள்ளிக்காக ஆடி, நகர அளவிலான பட்டத்தை இரண்டு முறை வாங்கிக் கொடுத்தார். 1960-ல் பள்ளியை முடித்தபோது நாட்டிலேயே பெயர் பெற்ற பள்ளி ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்து நியூயார்க்கில் பள்ளி மைதானத்தைவிட முக்கியமானது தெரு மைதானம். கோடைக்காலத்தில் ஹார்லெமில் நடக்கும் ரக்கர் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர்களும் தெருப் பையன்களும் ஒரே தரையில் மோதுவார்கள். கம்பி வேலியைச் சுற்றிலும் கூட்டம் நிற்கும். ஹாக்கின்ஸின் பெயர் முதலில் பரவியது இப்படிப்பட்ட இடங்களில்தான். அப்போது டிவியில் கூடைப்பந்து குறைவு. வாய் வழியாகத்தான் பேர் பரவணும்.

கூட்டம் இருக்கிற இடத்துக்கு மற்ற ஆட்களும் வருவார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஜாக் மோலினாஸ்.

மோலினாஸைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர், அபார புத்திசாலி, அபார ஆட்டக்காரர். 1953-ல் ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் சீசன் பாதி முடிவதற்குள் தன் அணியின் ஆட்டங்கள் மீதே பந்தயம் கட்டியது தெரியவந்து 1954 ஜனவரியில் வெளியேற்றப்பட்டார். பிறகு சட்டம் படித்து வக்கீலானார். வக்கீலாக இருந்துகொண்டே கல்லூரி ஆட்டங்களை விலைக்கு வாங்கும் ஒரு பெரிய வலையை நடத்தினார்.

விலைக்கு வாங்குவது என்றால் தோற்கச் சொல்வது என்று நினைத்துவிட வேண்டாம். அதைவிட நைசான வேலை இது. ஒரு அணி பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த அணியின் ஆட்டக்காரனிடம் போய், "நீ ஜெயிச்சுக்கோப்பா, ஆனா ஆறு ஏழு புள்ளிக்கு மேல வேண்டாம்" என்று சொல்லிக் கையில் பணத்தைத் திணிப்பார்கள். அணியும் ஜெயிக்கும், பார்க்கிறவனுக்கும் சந்தேகம் வராது, எதிர்ப்பக்கம் பந்தயம் கட்டினவனுக்குக் கொள்ளை லாபம். பாயிண்ட் ஷேவிங் என்று இதற்குப் பெயர். புள்ளிகளைச் சீவுவது.

1951-ல் இதே மோசடி ஒருமுறை வெடித்திருந்தது. முந்தின வருடம்தான் நாட்டின் இரண்டு பெரிய கல்லூரிப் பட்டங்களையும் சேர்த்து ஜெயித்திருந்த நியூயார்க் சிட்டி காலேஜ் அணியின் ஆட்டக்காரர்களே அதில் மாட்டினார்கள். வழக்கு நடத்தியவர் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வக்கீல் ஃபிராங்க் ஹோகன். பத்து வருடம் கழித்து 1961-ல் மோலினாஸின் வலையைப் பிடித்ததும் அதே ஹோகனின் அலுவலகம்தான்.

இப்போ ஹாக்கின்ஸுக்கு வருவோம். புதிதாக வரும் நல்ல பையன்களோடு சீக்கிரமே பழகி வைத்துக்கொள்வது மோலினாஸின் வழக்கம். மைதானத்தில் பேச்சுக் கொடுப்பார், சாப்பாடு வாங்கித் தருவார், காரில் கூட்டிப் போவார். ஹாக்கின்ஸோடும், அதே புரூக்ளினின் இன்னொரு நட்சத்திரமான ரோஜர் பிரவுனோடும் அப்படித்தான் பழகினார். பையன்களுக்கு அவர் ஒரு முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர், பெரிய வக்கீல், பாசமான அண்ணன். பிறகு ஹாக்கின்ஸ் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படிப்புச் செலவுக்குப் பணம் போதாமல் மோலினாஸிடம் 200 டாலர் கடன் வாங்கினார். அந்தக் கடனை ஹாக்கின்ஸின் அண்ணன் ஃப்ரெட், விவகாரம் வெடிப்பதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

குற்றம் என்று சொல்லப்பட்டதில் ஆதாரமாகக் கையில் எடுத்துக் காட்டக்கூடியது இந்த 200 டாலர்தான். தெரிந்த ஒருவரிடம் வாங்கி, திருப்பியும் கொடுத்த கடன்.

1961 வசந்தத்தில் நியூயார்க் துப்பறிவாளர்கள் அயோவாவிலிருந்து அவரை அழைத்துப் போனார்கள். வயது 18. ஹோட்டல் அறையில் வைத்து இரண்டு வாரம் போல விசாரித்தார்கள். வக்கீல் கிடையாது. மற்ற ஆட்டக்காரர்களை மோலினாஸுக்கு அறிமுகம் செய்து வைக்க ஒப்புக்கொண்டாயா என்பதுதான் கேள்வி. முதலில் இல்லை என்றார். திரும்பத் திரும்பக் கேட்டதில், அவர்கள் கேட்க விரும்பியதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்கு விடுவார்கள் என்று நினைத்துச் சொல்லிவிட்டதாகப் பின்னால் விளக்கினார். டேவிட் வுல்ஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் வெளியிட்ட 'ஃபவுல்!' என்ற புத்தகத்தில் இந்த நாட்கள் விரிவாக வருகின்றன. படித்தால் வயிற்றைப் பிசையும்.

இதில் யோசித்துப் பார்க்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அன்றைய கல்லூரி விளையாட்டு விதிப்படி முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணிக்கு ஆடவே முடியாது. பயிற்சியில் சீனியர்களோடு மோதலாம், அத்தோடு சரி. (அங்கே அவரோடு மோதிய சீனியர்களில் ஒருவர், பின்னால் பாஸ்டன் செல்டிக்ஸில் ஆடிப் பயிற்சியாளராகவும் பெரும் பெயர் எடுத்த டான் நெல்சன்.) பந்தயம் கட்டப்பட்ட ஒரு கல்லூரி ஆட்டத்தில்கூட ஹாக்கின்ஸ் காலெடுத்து வைத்ததில்லை. ஆடாத ஆட்டத்தில் எந்தப் புள்ளியைச் சீவ முடியும்?

அவரைக் கைது செய்யவில்லை. குற்றப்பத்திரிகை போடவில்லை. எந்த நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. ஆனால் செய்தித்தாளில் பெயர் வந்துவிட்டது. அயோவா அவரை வெளியே அனுப்பியது, வேறு கல்லூரிகளும் தொடத் தயாராக இல்லை. ரோஜர் பிரவுனுக்கு டேட்டன் பல்கலைக்கழகத்தில் இதே கதை. வட கரோலினாவில் படித்த டக் மோ என்ற இன்னொரு புரூக்ளின் பையன், ஆட்டத்தைக் கெடுக்கச் சொன்னபோது முடியாது என்று மறுத்தவர். ஆனால் பேச வந்துபோன பயணச் செலவுக்கென்று 75 டாலர் வாங்கியிருந்தார். அவருக்கும் என்.பி.ஏ.வில் இடமில்லை.

பையன் தெரியாமல் வாங்கிவிட்டான், ஆனால் லீக்கும் பாவம் என்ன செய்யும் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். 1961-ல் என்.பி.ஏ. இன்றைய மாதிரி பணம் கொழிக்கும் நிறுவனம் இல்லை. ஒன்பதே ஒன்பது அணிகள். சூதாட்ட நாற்றம் இன்னொரு முறை அடித்தால் கடையை மூட வேண்டியதுதான் என்ற பயம் உண்மையானது. மோலினாஸை வெளியேற்றியது சரி, அவரே ஒப்புக்கொண்ட குற்றம் அது. மோலினாஸ் லீக் மீது வழக்குப் போட்டு, 1961-ல் நீதிபதி இர்விங் காஃப்மன் முன்னால் தோற்றும் போனார். சூதாட்டக்காரரை விலக்கிவைக்க லீக்குக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு. ஆனால் லீக் அந்த உரிமையை எடுத்துக்கொண்டு போய், சூதாடினவனுக்கும் சூதாடினவனோடு பேசினவனுக்கும் ஒரே கோட்டைக் கிழித்தது. பயத்தில் செய்த வேலை என்று முதல் வருடம் வேண்டுமானால் சொல்லலாம். எட்டு வருடத்துக்கும் அதே சமாதானத்தைச் சொல்ல முடியுமா?

அந்த எட்டு வருடத்தை அவர் எப்படிக் கழித்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. வருத்தமான பகுதியும் அதுதான்.

1961-ல் அமெரிக்கன் பாஸ்கெட்பால் லீக் என்று ஒன்று புதிதாகத் தொடங்கியது. தொடங்கியவர் ஏப் சாப்பர்ஸ்டீன், ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணியின் முதலாளி. இன்று எல்லோரும் கொண்டாடும் மூன்று புள்ளிக் கோட்டை முதலில் ஒரு தொழில்முறை லீக்கில் சீசன் முழுக்கப் போட்டு ஆடியது இவர்கள்தான். அந்த லீக்கின் பிட்ஸ்பர்க் ரென்ஸ் அணி ஹாக்கின்ஸை எடுத்துக்கொண்டது. 19 வயதில், பெரியவர்களோடு ஆடி, ஆட்டத்துக்குச் சராசரி 27.5 புள்ளி எடுத்தார். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. ஆனால் லீக்கில் பணம் இல்லை. இரண்டாவது சீசனின் நடுவில், 1962 டிசம்பர் 31 அன்று இழுத்து மூடிவிட்டார்கள்.

அடுத்து குளோப்டிராட்டர்ஸ். பெயரில் ஹார்லெம் இருந்தாலும் இவர்கள் உருவானது சிகாகோவில். கூடைப்பந்தும் கோமாளித்தனமும் கலந்த சுற்றுப்பயணக் கம்பெனி. முதுகுக்குப் பின்னால் பந்தைச் சுழற்றுவது, நடுவரைக் கேலி செய்வது, எதிரணியின் காற்சட்டையை இழுப்பது இதெல்லாம் தினசரி நிகழ்ச்சி. எதிரணி தோற்பதற்காகவே கூடவே வரும். நான்கு வருடம் ஹாக்கின்ஸ் இதில் இருந்தார், ஐரோப்பா உட்படப் பல ஊர்களுக்குப் போனார். அந்தப் பெரிய கையின் வித்தைகள் அங்கே இன்னும் பட்டை தீட்டப்பட்டன என்பது உண்மை. ஆனால் 21-லிருந்து 25 வரை, ஒரு ஆட்டக்காரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வருடங்கள் அவை. அந்த வருடங்களில் அவர் ஆடிய ஆட்டங்களுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும்.

யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. ஆட்டத்தின் முடிவை முன்கூட்டித் தீர்மானித்தார்கள் என்ற சந்தேகத்தில் ஒருவரை விலக்கினார்கள். கடைசியில் முடிவு முன்கூட்டித் தீர்மானமான ஆட்டங்களில்தான் அவருக்குப் பிழைப்பு கிடைத்தது.

1964-ல், அயோவாவில் தொடர்ந்து படித்திருந்தால் அவர் பட்டம் பெற்றிருக்கும் வருடம், என்.பி.ஏ. அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்தது. ஒரு அணிகூட அவர் பெயரைச் சொல்லவில்லை. 1965-லும் இல்லை. 1966-ல் தடை முறைப்படியே வந்தது. அவரோடு யார் ஒப்பந்தம் போட்டாலும் அங்கீகரிக்க மாட்டேன் என்று ஆணையர் வால்டர் கென்னடி தெரியப்படுத்திவிட்டார்.

அதே 1966-ல்தான் வழக்கு. ரென்ஸ் அணியின் உரிமையாளர் லென்னி லிட்மனின் சகோதரர் டேவிட் லிட்மன் பிட்ஸ்பர்க்கில் வக்கீல். அவருடைய மனைவி ராஸ்லின் லிட்மனும் வக்கீல். பெண் வக்கீல்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது. இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்.பி.ஏ. மீது 60 லட்சம் டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள்.

வழக்கின் அடிப்படை எளிமையானது. ஒரே தொழிலில் போட்டியாளர்களாக இருக்கும் முதலாளிகள் எல்லோரும் கூடிப் பேசி, இந்த ஆளை யாருமே வேலைக்கு எடுக்கக் கூடாது என்று முடிவுகட்டினால், அது ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி குற்றம். என்.பி.ஏ. ஒரு கம்பெனி இல்லையே, பல முதலாளிகளின் கூட்டுதானே. மோலினாஸ் வழக்கின் தீர்ப்பு லீக்குக்குச் சாதகமாக இருந்தது உண்மை. ஆனால் மோலினாஸ் பந்தயம் கட்டியதை ஒப்புக்கொண்டவர். ஹாக்கின்ஸ் மீது என்ன ஆதாரம் என்று கேட்டால் லீக்கிடம் காட்ட உருப்படியாக ஒன்றும் இல்லை.

வழக்கு நடக்கும்போதே 1967-ல் அமெரிக்கன் பாஸ்கெட்பால் அசோசியேஷன், சுருக்கமாக ஏ.பி.ஏ., பிறந்தது. சிவப்பு, வெள்ளை, நீலப் பந்தோடு ஆடின லீக். புது லீக்குக்குப் பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டார்கள். பழைய லீக் ஒதுக்கின ஆட்களை எடுக்க இவர்களுக்குத் தயக்கம் இல்லை. நீ அங்கே போய் ஆடு என்று ஹாக்கின்ஸிடம் சொன்னதே அவருடைய வக்கீல்கள்தான். ஒன்று, கைக்குப் பணம் வரும். இன்னொன்று, இந்த ஆள் என்.பி.ஏ. தரத்துக்கு ஆடக்கூடியவர்தான் என்று நீதிமன்றத்தில் காட்டச் சாட்சி வேண்டும். குளோப்டிராட்டர்ஸ் ஆட்டத்தை வைத்து அதை நிரூபிக்க முடியாதே.

சாட்சியம் பலமாகவே அமைந்தது. 1967-68-ல் பிட்ஸ்பர்க் பைப்பர்ஸ் அணிக்காக ஆட்டத்துக்கு 26.8 புள்ளி, 13.5 ரீபவுண்டு. புள்ளியில் லீக்கிலேயே முதலிடம். சிறந்த ஆட்டக்காரர் விருது. இறுதிப் போட்டியில் நியூ ஆர்லியன்ஸ் பக்கனியர்ஸை 4-3 என்று வென்று பைப்பர்ஸ்தான் ஏ.பி.ஏ.வின் முதல் சாம்பியன். அந்த நியூ ஆர்லியன்ஸ் அணியில் ஆடியவர் யார் தெரியுமா? 75 டாலர் டக் மோ. இன்னொரு பக்கம், ரோஜர் பிரவுன் இந்தியானா பேசர்ஸ் அணி ஒப்பந்தம் செய்த முதல் ஆட்டக்காரர். அதற்கு முன்னால் டேட்டனில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று புரூக்ளின் பையன்கள், ஒரே லீக்கில் மூன்று அணிகளின் தூண்கள்.

சாம்பியன் ஆன கையோடு பைப்பர்ஸ் அணி மினசோட்டாவுக்கு இடம் மாறியது. பிட்ஸ்பர்க்கில் கூட்டம் வரவில்லை, அதனால். அடுத்த சீசனில் ஹாக்கின்ஸின் சராசரி 30.2. ஆனால் முழங்காலில் அடிபட்டு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. 47 ஆட்டம்தான் ஆட முடிந்தது. அந்த முழங்கால் பழையபடி திரும்பவே இல்லை என்று அவரைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். என்.பி.ஏ. ரசிகர்கள் பின்னால் பார்த்தது இந்த அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஹாக்கின்ஸை.

1969 மே மாதம் லைஃப் பத்திரிகையில் டேவிட் வுல்ஃப் ஹாக்கின்ஸ் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகும் பத்திரிகை அது. வழக்கறிஞர்கள் திரட்டியதெல்லாம் பொதுமக்கள் முன்னால் வந்து விழுந்தது. அடுத்த மாதமே லீக் சமரசத்துக்கு வந்தது. எல்லாம் சேர்த்துச் சுமார் 13 லட்சம் டாலர் மதிப்பு என்று கணக்குச் சொல்கிறார்கள். கூடவே ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியில் இடம்.

லீக்குக்கு மனசாட்சி உறுத்தியது என்று நான் நம்பவில்லை. ஏகபோகத் தடைச் சட்டத்தில் ஒரு பாதகமான தீர்ப்பு வந்தால், அது ஹாக்கின்ஸோடு நிற்காது. டிராஃப்ட் முறையையும், அணியோடு ஆட்டக்காரரைக் கட்டிப்போடும் விதிகளையும் அது ஆட்டிவிடும். அந்த நேரம் ஏ.பி.ஏ. ஒரு பக்கம் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடமே ஆஸ்கர் ராபர்ட்சன் ஆட்டக்காரர் சங்கத்தின் சார்பில் அதே சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்து, இரண்டு லீக்குகளின் இணைப்பைப் பல வருடம் நிறுத்திவைத்தார் என்பதைப் பார்த்தால் அந்தப் பயம் வெறும் பயமில்லை என்று தெரியும். ஹாக்கின்ஸுக்கு 13 லட்சம் கொடுத்து முடித்தது முதலாளிகளுக்கு மலிவான பேரம்.

ஃபீனிக்ஸுக்கு அவர் போய்ச் சேர்ந்ததே ஒரு நாணயத்தால்தான். 1968-ல் தொடங்கிய அணி. முதல் சீசனில் 16 வெற்றி, 66 தோல்வி. கடைசி இடம் பிடித்த இரண்டு அணிகளுக்கு நடுவே நாணயம் சுண்டி, ஜெயிப்பவர் அந்த வருடத்தின் மாபெரும் பரிசான லூ ஆல்சிண்டரைத் தேர்ந்தெடுக்கலாம். பின்னாளில் கரீம் அப்துல்-ஜப்பார் ஆன அதே ஆல்சிண்டர். சன்ஸ் ரசிகர்களிடமே வாக்கெடுத்துத் தலை கேட்டது. பூ விழுந்தது. ஆல்சிண்டர் மில்வாக்கிக்குப் போனார். சில மாதம் கழித்து ஹாக்கின்ஸ் யாருக்கு என்று சியாட்டில் அணியோடு மறுபடி ஒரு நாணயம் சுண்டினார்கள். இந்த முறை ஃபீனிக்ஸ் ஜெயித்தது.

முதல் வருடம் ஆட்டத்துக்கு 24.6 புள்ளி, 10.4 ரீபவுண்டு, 4.8 அசிஸ்ட். 16 வெற்றியில் இருந்த அணி 39 வெற்றிக்கு ஏறி பிளேஆஃபில் நுழைந்தது. எதிரே லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ். வில்ட் சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர் மூன்று பேரும் ஒரே அணியில். இரண்டாவது ஆட்டத்தில் ஹாக்கின்ஸ் 34 புள்ளி, 20 ரீபவுண்டு, 7 அசிஸ்ட். சன்ஸ் 3-1 என்று முன்னிலைக்கே போய்விட்டது. அப்புறம் லேக்கர்ஸ் தொடர்ந்து மூன்று ஆட்டங்களை ஜெயித்துத் தொடரை எடுத்துக்கொண்டது. இரண்டு வயது ஆன அணிக்கு இதுவே பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு இறக்கம்தான். 1970-லிருந்து 73 வரை நான்கு முறை ஆல்-ஸ்டார் ஆனார். ஆனால் புள்ளிகள் முதல் வருட அளவுக்குத் திரும்பவே இல்லை. முழங்கால் ஒரு பக்கம், வயது ஒரு பக்கம். 1973-ல் லேக்கர்ஸுக்கு மாற்றப்பட்டார், 1975-76-ல் அட்லாண்டாவில் கடைசி சீசன். 34 வயதுக்குள் முடிந்தது. அந்த வருடமே ஃபீனிக்ஸ் அவருடைய 42-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தது. 1992-ல் கூடைப்பந்துப் புகழரங்கில் சேர்த்தார்கள். பிற்காலத்தில் ஃபீனிக்ஸிலேயே சன்ஸ் நிர்வாகத்தில் மக்கள் தொடர்புப் பணியில் இருந்தார். 2017 அக்டோபர் 6 அன்று, 75 வயதில் காலமானார்.

புள்ளிவிவரப் பக்கத்தில் அவருடைய என்.பி.ஏ. கணக்கு 499 ஆட்டம், சராசரி 16.5 புள்ளி. இதை மட்டும் பார்க்கிற இன்றைய பையன், "இந்த ஆளுக்கா புகழரங்கு?" என்று கேட்பான். இணையத்தில் கேட்டும் இருக்கிறார்கள். அதில் தப்பில்லை, அவன் முன்னால் இருக்கிற எண் அதுதான். ஏ.பி.ஏ.வின் இரண்டு சீசனைச் சேர்த்தால் 616 ஆட்டம் ஆகும். ரென்ஸ் அணிக்காக 19 வயதில் ஆடியதைத் தேடிப் பிடிக்க வேண்டும். குளோப்டிராட்டர்ஸின் நான்கு வருடத்துக்கு அட்டவணையே கிடையாது. ரக்கர் பார்க்கில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பார்த்ததற்குக் கணக்கு எழுத அன்று யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். மோலினாஸ் 1963-ல் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார், வெளியே வந்து 1975-ல் ஹாலிவுட் குன்றுகளில் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். டக் மோ, ஆடுவதற்கு எந்த லீக் இடம் தரவில்லையோ அதே லீக்கில் பயிற்சியாளராக நுழைந்து 1988-ல் சிறந்த பயிற்சியாளர் விருதே வாங்கினார்.

ரோஜர் பிரவுன் இந்தியானாவில் மூன்று ஏ.பி.ஏ. பட்டங்கள் ஜெயித்தார். ஆடிக்கொண்டிருக்கும்போதே இண்டியானாபொலிஸ் நகர மன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 1997-ல் இறந்தார். அவரைப் புகழரங்கில் சேர்த்தது 2013-ல்.